இரவு 11 மணிக்குக் கூரை 39 டிகிரி: மொட்டை மாடிக்குக் கீழே ஒரு கோடை வேலை

கோடை உச்சத்தில் என் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கம் இரவு 11 மணிக்கு 39 டிகிரி செல்சியஸ் காட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதே அளவு வெயில் அடித்த நாளின் இரவில், அதே நேரத்தில், 34-ஐ ஒட்டி நிற்கிறது. அறைக் காற்று 34-லிருந்து 31.5-க்கு இறங்கியிருக்கிறது. ஏசி வைக்கவில்லை. இந்த இடத்துக்கு வர ஒரு கோடையின் பெரும்பகுதி போய்விட்டது, அதில் கணிசமான நேரம் பலனே தராத வேலைகளில் போனது. எல்லாவற்றையும் செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

வீடு நகரத்துக்குள் இருக்கிறது, கட்டடத்தின் கடைசி மாடி. படுக்கையறை 15 சதுர மீட்டர். கூரை 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட், அதன்மேல் வெறும் சிமென்ட் பூச்சு. வடக்கே ஒரு ஜன்னல், கிழக்கே ஒரு ஜன்னல். மேற்குச் சுவரில் திறப்பு எதுவும் இல்லை, பிற்பகல் வெயில் முழுவதும் அதன்மேல்தான்.

வானிலை அறிக்கை 'குறைந்தபட்சம் 29' என்று சொன்ன இரவுகளில்கூட என் அறை 33-க்குக் கீழே இறங்கவில்லை. இது ஏன் என்பதில்தான் வேலை தொடங்கியது. வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் திறந்த வெளியில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து ஒன்றேகால் முதல் இரண்டு மீட்டர் உயரத்தில் இருக்கும். அது பிடிக்கும் 'குறைந்தபட்சம்' பெரும்பாலும் சூரியன் உதித்த சற்று நேரத்தில் வருவது. நாம் புரண்டு புரண்டு படுக்கும் 11 மணிக்கும் 1 மணிக்கும் அந்த எண்ணுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

சரி, முதலில் அளப்போம் என்று சென்சார்கள் வாங்கினேன். டிஎஸ்18பி20 என்ற வகை, துருப்பிடிக்காத எஃகுக் குப்பிக்குள் அடைத்து ஒரு மீட்டர் ஒயருடன் வருவது. விலை குறைவு, தண்ணீரில் நனைந்தாலும் கவலை இல்லை, ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூன்று ஒயர்களில் கோத்துவிடலாம். ஒரு 4.7 கிலோஓம் ரெசிஸ்டர், இஎஸ்பி8266 என்ற சின்ன வைஃபை கணினி போர்டு ஒன்று, பழைய போன் சார்ஜர், அவ்வளவுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லா எண்களையும் எழுதி வைக்கும்.

இந்த வகையில் போலிகள் நிறைய. வாங்கியதும் ஐஸை நன்றாக நொறுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டு பிளாஸ்கில் போட்டு, எல்லாக் குப்பிகளையும் சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கிக் கலக்கிக்கொண்டே பார்த்தேன். எல்லாம் 0 காட்ட வேண்டும். பெரும்பாலானவை அரை டிகிரிக்குள் வந்தன, ஒன்று மட்டும் 1.4 காட்டியது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, மற்றவற்றின் வித்தியாசத்தை நிரலிலேயே கழித்துக்கொண்டேன். இந்தப் பத்து நிமிட வேலையைச் செய்யாமல் எடுக்கும் அளவுகளை வைத்து அரை டிகிரி குறைந்தது, ஒரு டிகிரி குறைந்தது என்று பேசவே முடியாது.

ஈரப்பதத்துக்கு டிஎச்டி22 என்ற இன்னொரு வகைச் சென்சார். அதைப் போர்டுடன் ஒரே டப்பாவில் வைத்தபோது அறையை விட 2 டிகிரி கூடுதலாகக் காட்டியது. வைஃபை ஓடும் போர்டே சுடுகிறது. ஒயரை நீட்டி ஒரு முழம் தள்ளி வைத்ததும் சரியானது.

கூரையின் அடிப்பக்கத்தில் சென்சாரை ஒட்டுவது எதிர்பாராத தலைவலி. இருபக்க டேப் அந்தச் சூட்டில் நெகிழ்ந்து விழுந்துகொண்டே இருந்தது. கடைசியில் கம்ப்யூட்டர் பிராசஸருக்குத் தடவும் வெப்பப் பசையைக் கொஞ்சம் வைத்து, சுற்றிச் சுவர்ப் பட்டி பூசி மூடியதும் நின்றது. மொட்டை மாடியில் இன்னொன்றைச் சிமென்ட் பூச்சில் மெல்லிய காடி வெட்டிப் புதைத்தேன். வெளிக்காற்றை அளக்க முதலில் கைப்பிடிச் சுவரின் நிழல் பக்கத்தில் வைத்தேன். அதிகாலை 3 மணிக்கும் அது கூடுதலாகவே காட்டியது, ஏனென்றால் சுவரே இன்னும் சூட்டை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு வடக்கு ஜன்னலிலிருந்து ஒரு பிவிசி குழாயை வெளியே நீட்டி, அதன் நுனியில் பூந்தொட்டிக்கு அடியில் வைக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளைக் கவிழ்த்து அடுக்கினேன். நடுத் தட்டுகளில் ஓட்டை போட்டு, இடையிடையே விரலளவு இடைவெளி விட்டு, ஒரு திருகு கம்பியில் கோத்து, உள்ளே சென்சார். வானிலை நிலையப் பெட்டிக்கு இது ஏழை வீட்டு உறவு. ஆனால் வேலை செய்கிறது.

இன்னொரு சென்சாரை மேட் கறுப்பு பெயின்ட் அடித்த டேபிள் டென்னிஸ் பந்துக்குள் சொருகிக் கட்டில் உயரத்தில் தொங்கவிட்டேன். பந்து 40 மில்லிமீட்டர். காற்றோடு சேர்த்து, கூரையிலிருந்தும் சுவரிலிருந்தும் உடம்பின்மேல் வந்து விழும் சூட்டையும் இது பிடிக்கும். பக்கத்திலேயே இருந்த காற்றுச் சென்சாரை விடப் பந்து ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது. 'காற்று ஒன்றும் அவ்வளவு சூடாக இல்லையே, ஏன் இப்படி எரிகிறது' என்ற கேள்விக்கு அந்த ஒன்றரை டிகிரிதான் பதில்.

பதிவுகளை வரைபடமாகப் போட்டதும் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. மாடித் தளத்தின் மேல்பரப்பு பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் 61-62 தொடுகிறது. அடிப்பக்கம் உச்சத்துக்கு வருவதோ மாலை 6 மணி வாக்கில்தான், 42-க்கு மேல். 15 சென்டிமீட்டர் கான்கிரீட்டைச் சூடு கடந்து வர நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வெளியே வெயில் தாழ்ந்து ஊரே மூச்சு விடும் நேரத்தில் என் அறைக்குள் நண்பகல் வந்து இறங்குகிறது. 11 மணிக்கு 39, அதிகாலை 4 மணிக்கு 36.5. காலை 7 மணியைத் தாண்டித்தான் 34.5-க்கு வரும், அதற்குள் மாடியில் அடுத்த வெயில் தொடங்கிவிடும். இரவெல்லாம் தலைக்கு மேல் மெல்ல ஆறிக்கொண்டிருக்கும் இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் படுத்திருக்கிறேன் என்று புரிந்தது.

ஒரு சின்னக் கணக்கு. 15 சதுர மீட்டர், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் ஐந்து டன்னுக்கு மேல் கான்கிரீட். அதை ஒரே ஒரு டிகிரி குளிர்விக்க ஏறத்தாழ 1.35 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியேற வேண்டும். இரவில் என்ன செய்தாலும் இதோடு மல்லுக்கட்ட வேண்டும். பகலில் உள்ளே ஏறவிடாமல் தடுப்பது எவ்வளவோ லேசு. இந்தக் கணக்கை முதல் வாரமே போட்டிருந்தும் நான் முதலில் இரவு வேலைகளில்தான் இறங்கினேன். செலவில்லாதவை என்பதால்.

நகரத்துக்கு வெளியே, வயல்களை ஒட்டி இருக்கும் நண்பர் வீட்டில் இதே மாதிரி ஒரு தட்டு அடுக்கை வைத்துப் பார்த்தேன். பகலில் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் அங்கே 3 டிகிரிக்கும் அதிகமாக இறங்கியிருந்தது. லண்டனில் லூக் ஹோவர்டு என்பவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இப்படித்தான் நகரத்திலும் வெளியிலும் அளந்து, நகரத்து இரவு சுமார் 2 டிகிரி கூடுதல் என்றும் பகலில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிடுகிறது என்றும் எழுதி வைத்திருக்கிறார். என் கூரை செய்வதையே ஊரின் எல்லாக் கூரைகளும் சாலைகளும் சேர்ந்து செய்கின்றன.

முதல் முயற்சி, எல்லோரும் செய்வதுதான்: மாலையில் மாடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. வாளி வாளியாக ஏறத்தாழ 50 லிட்டர். மேல்பரப்பு 48-லிருந்து 34-க்குச் சட்டென்று விழுந்தது, கையை வைத்தால் குளுகுளுவென்று இருந்தது. அரை மணி நேரத்தில் மீண்டும் 41. உள்ளே இருந்த சூடு மேலே வந்துவிட்டது. 11 மணிக்கு அறைக் கூரையில் குறைந்தது ஒரு டிகிரிகூட இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியானால் 0.67 யூனிட் வெப்பத்தைக் கொண்டு போகும், எனவே கூரையைப் பத்து டிகிரி இறக்கக் கணக்குப்படி 20 லிட்டரே போதும். ஆனால் ஊற்றியதில் பெரும்பகுதி ஆவியாகாமல் மழைநீர்க் குழாய் வழியாக ஓடிவிடுகிறது.

ஓடாமல் நிறுத்தக் கோணிச் சாக்குகளை விரித்து, காலையிலும் நண்பகலிலும் நனைத்தேன். இது உண்மையாகவே வேலை செய்தது. 11 மணிக்குக் கூரை 36. ஆனால் நாளுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் குடித்தது. கோடையில் அவ்வளவு தண்ணீரை மாடியில் கொட்ட மனம் வரவில்லை. அதற்குள் சாக்குகள் நாற ஆரம்பித்தன. பிறகு ஒரு நாள் கூரையின் அடிப்பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஈரக் கறை தெரிந்தது. மேலே மயிரிழை விரிசல் ஒன்று இருந்திருக்கிறது. கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்க இதைவிட நல்ல வழி கிடையாது. சாக்குகளை அள்ளிவிட்டேன்.

அறைக்குள் தரையை ஈரத்துணியால் துடைத்து ஜன்னலை மூடிப் படுத்ததும் உண்டு. காற்று 0.8 டிகிரி குறைந்தது, ஈரப்பதம் 62 சதவீதத்திலிருந்து 78-க்கு ஏறியது. வியர்வை உலரவே இல்லை. இதைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

சீலிங் ஃபேன் விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை என்பது தெரிந்ததுதான். ஆனால் சுடும் கூரைக்கு ஒரு முழம் கீழே சுற்றும் ஃபேன், அங்கே தேங்கி நிற்கும் சூடான காற்றை இழுத்துக் கட்டில்மேல் தள்ளுகிறது, கூரையிலிருந்து அறைக் காற்றுக்கு வெப்பம் இறங்குவதையும் வேகப்படுத்துகிறது. சீலிங் ஃபேனை நிறுத்திவிட்டு ஸ்டாண்ட் ஃபேனைத் தரையோடு தாழ்த்தி வடக்கு ஜன்னலுக்கு முதுகு காட்டி வைத்தபோது கட்டில் உயரத்தில் 0.7 டிகிரி குறைவாக இருந்தது. பின்னால் மாடித் தளத்துக்கு வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பூச்சு அடித்த பிறகு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு சுருங்கிவிட்டது, இப்போது சீலிங் ஃபேன்தான் ஓடுகிறது.

அப்புறம்தான் மாடிக்குப் போனேன். எந்தப் பூச்சு என்று முடிவு செய்ய, மாடியின் ஒரு மூலையைத் தேய்த்துக் கழுவி ஒரு மீட்டர் சதுரங்களாகச் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒவ்வொன்றிலும் ஒன்றை அடித்தேன். காற்று 38 டிகிரி இருந்த ஒரு நாள் பிற்பகல் 2 மணிக்கு இன்ஃப்ரா ரெட் தெர்மாமீட்டரால் சுட்டுப் பார்த்தபோது: வெறும் சிமென்ட் 61, சுண்ணாம்பு 44, சாதாரண வெளிச்சுவர் வெள்ளை பெயின்ட் 45, கூரைக்கென்றே விற்கும் குளிர்ப்பூச்சு 42. எல்லாவற்றிலும் பளபளவென்று இருந்த அலுமினிய வெள்ளிப் பூச்சு? அந்தத் தெர்மாமீட்டரில் 47, ஆனால் பூச்சோடு ஒட்டி வைத்த சென்சாரில் 54. உலோகப் பரப்பு வெயிலைத் திருப்பினாலும், ஏறிய சூட்டை வானத்துக்கு எளிதில் கதிர்வீசாது. தெர்மாமீட்டரும் பரப்பின் கதிர்வீச்சை வைத்தே அளப்பதால் உலோகத்தில் குறைத்துச் சொல்லும். வெள்ளி நிறத்தை நம்பாதீர்கள், வெள்ளை நிறத்தை நம்புங்கள்.

அந்தத் தெர்மாமீட்டரை இரவில் வானத்தை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். தெளிந்த, உலர்ந்த இரவுகளில் பூஜ்யத்துக்குக் கீழேகூடக் காட்டும். மேகமும் புழுக்கமும் உள்ள இரவில் அதே வானம் 15, 20 என்று காட்டும். கூரை தன் சூட்டை இரவில் எங்கே கொட்டுகிறது, புழுங்கும் இரவில் ஏன் ஆற மறுக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு மலிவு, பலனும் கிட்டத்தட்ட சமம். கையால் தேய்த்தால் மாவாக வருகிறது, மழையில் கரையும், ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சுண்ணாம்புதான் அடித்திருப்பேன். விரிசல் கதை ஏற்கெனவே நடந்திருந்ததால், ரப்பர் மாதிரி இழுபடும் குளிர்ப்பூச்சை எடுத்தேன்.

அடிப்பதை விடத் தயார் செய்வதற்குத்தான் உழைப்பு. கம்பி பிரஷால் பாசிக் கருப்பைத் தேய்த்து எடுத்து, விரிசல்களை 'வி' வடிவில் கொஞ்சம் அகலமாக்கி நெகிழ்வான விரிசல் பசையை நிரப்பி, கழுவி, உலரவிட்டேன். தளம் உள்ளுக்குள் உலர்ந்துவிட்டதா என்று பார்க்க, முழங்கை நீள பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் ஒரு இரவு விட்டேன். காலையில் அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள், கோத்திருந்தது. இன்னும் சில நாள் வெயிலில் விட்டபிறகுதான் தாள் உலர்ந்து வந்தது. ஈரத்தின்மேல் அடித்தால் பூச்சு குமிழ் விட்டு எழும்பும்.

விரிசல் அடைக்க உதவிய மேஸ்திரி சொன்னது: "பிரைமர் போட்டுட்டு, காலைல ஏழு மணிக்குள்ள அடிச்சு முடிச்சிடுங்க சார். தரை சுடும்போது அடிச்சா தோலா உரிஞ்சிடும்." முதல் கோட்டின் கடைசிப் பகுதியை ஒன்பது மணிக்கு அடித்தேன். ரோலர் நகர்வதற்குள் உலர்ந்து, கட்டி கட்டியாக நின்றது. அந்த மூலை இன்றும் தனியாகத் தெரிகிறது. இரண்டாவது கோட்டை முதல் கோட்டுக்குக் குறுக்காக அடித்தேன். டப்பாவில் எழுதியிருந்த பரப்பில் முக்கால் பங்குதான் வந்தது, சொரசொரப்பான சிமென்ட் நிறையக் குடித்துவிடும். கணக்குப் போட்டதற்கு மேல் மூன்றில் ஒரு பங்கு கூட வாங்குங்கள். கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். சூரியன் ஏறிய பிறகு வெள்ளைத் தளத்தில் கண் திறக்க முடியாது. எதிர் மாடிக்காரர் ஜன்னலில் திரை போட்டுவிட்டார், அதற்கு நான் என்ன சொல்ல முடியும்.

அடித்து முடித்த அன்றே மேல்பரப்பு குறைந்துவிட்டது, ஆனால் அடிப்பக்கம் புதிய நிலைக்கு வர இரண்டு மூன்று நாள் எடுத்தது. பிறகு அங்கே மாலை உச்சம் 36-ஐத் தாண்டவில்லை, 11 மணிக்கு 34.5. அறைக் காற்று 32.7. கறுப்புப் பந்துக்கும் காற்றுச் சென்சாருக்கும் இருந்த வித்தியாசம் பாதியாகச் சுருங்கியது. உடம்புக்குத் தெரிந்த மாற்றம் இதுதான், காற்றில் குறைந்த டிகிரியை விட.

இப்போது மேற்குச் சுவர்தான் அறையிலேயே அதிகச் சூடான பரப்பு. 11 மணிக்கும் உள்பக்கம் 36. தோட்டங்களில் கட்டும் பச்சை நிழல்வலை, 75 சதவீத நிழல் தருவது, வாங்கி வெளிச்சுவரோடு ஒட்டிக் கட்டினேன். பலன் சொற்பம். வலை வெயிலில் சூடேறி அந்தச் சூட்டைச் சுவருக்கே கொடுத்தது. எல் வடிவ இரும்புப் பட்டைகளை அடித்து, சுவருக்கும் வலைக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டதும் நிலைமை மாறியது. இடையில் காற்று மேல்நோக்கி ஏறிப் போகிறது. உள்சுவர் 34. முதல் பலத்த காற்றில் வலையின் ஓட்டைகள் கிழிந்துவிட்டன. ஓரத்தை மடித்து உள்ளே கயிறு வைத்துத் தைத்து மீண்டும் கட்டினேன்.

மிச்சம் இருந்தது காற்று. வெளியே இரவில் இறங்கும் 31-ஐ உள்ளே கொண்டுவர வேண்டும். 300 மில்லிமீட்டர் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றை 12 மில்லிமீட்டர் ப்ளைவுட் பலகையில் பொருத்தி, வடக்கு ஜன்னலில் கச்சிதமாக உட்காருமாறு அறுத்து, ஓரங்களில் ஃபோம் பட்டை ஒட்டினேன். கிழக்கு ஜன்னல் வழியாகக் காற்று உள்ளே வரும், வடக்கில் வெளியேறும். ஓடவிட்டால் அறை குறையவே இல்லை. கிழக்கு ஜன்னல் சட்டத்தில் ஒரு சென்சாரைக் கட்டியபோது காரணம் தெரிந்தது. உள்ளே வரும் காற்று 34, அதே நேரம் குழாய் நுனியில் 31. கீழ்வீட்டு ஏசியின் வெளி யூனிட் அந்த ஜன்னலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது, அவர் அறையின் சூடு நேராக என் அறைக்கு வந்துகொண்டிருந்தது. பலகையைக் கிழக்குக்கு மாற்றினேன். இப்போது வடக்கிலிருந்து காற்று வருகிறது, கிழக்கில் வெளியேறுகிறது. இரண்டு மணி நேரத்தில் அறை ஒரு டிகிரி இறங்கியது.

கூடவே இரண்டு சின்னத் தொல்லைகள். ஃபேன் இழுக்கும்போது குளியலறைத் தரை வடிகாலிலிருந்து சாக்கடை நாற்றம் வந்தது. வடிகாலுக்கு அடியில் நிற்க வேண்டிய தண்ணீர் கோடையில் வற்றியிருந்தது, ஒரு குவளை ஊற்றியதும் நின்றது. இரண்டாவது, கொசுவலை. ஜன்னலில் இருந்த நெருக்கமான வலை காற்றைப் பெருமளவு தடுத்தது. வலையை எடுக்க வழியில்லை, எனவே ஒரு கதவு மட்டும் திறந்திருந்த வடக்கு ஜன்னலின் இரண்டு கதவுகளையும் திறந்து வலைப் பரப்பை இரட்டிப்பாக்கினேன்.

ஃபேனை எப்போது போடுவது என்பதைக் கண் மூடித் தீர்மானிக்க முடியாது. வெளிக்காற்று அறையை விடச் சூடாக இருக்கும்போது ஓடவிட்டால் அறையைச் சூடாக்குகிறோம். போர்டு சொல்லும்போது ஃபேனைப் போட்டு நிறுத்தும் சுவிட்சான ஒரு ரிலே வைத்து, வெளிக்காற்று அறையை விட ஒரு டிகிரி குறைந்ததும் ஓடவும், வித்தியாசம் 0.3-க்கு வந்ததும் நிற்கவும் எழுதினேன். முதலில் போடவும் நிறுத்தவும் ஒரே எண்ணை வைத்திருந்தேன், ரிலே இரவெல்லாம் டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. மெயின் லைன் ஒயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டேன், அதில் சோதனை முயற்சி வேண்டாம். பூச்சுக்கு முன் எடுத்த பதிவுகளில் அந்த ஒரு டிகிரி இடைவெளி 7:30-க்கே வந்திருக்கிறது. பூச்சுக்குப் பின் 9 மணியைத் தாண்டுகிறது. அறை பகலிலேயே குளிர்ச்சியாக இருப்பதால், நகரத்துக் காற்று அதற்குக் கீழே இறங்க நேரம் பிடிக்கிறது. ஆகவே 9 மணி வரை ஜன்னல்கள் மூடியே இருக்கின்றன. சாயங்காலம் ஆனதும் ஜன்னலைத் திறந்துவிடும் அம்மாவுக்கு இதை ஒப்புக்கொள்ள வைக்க வரைபடத்தைக் காட்ட வேண்டியிருந்தது. "காத்து வரலன்னா எப்படிடா தூங்கறது" என்று கேட்டுவிட்டு, 9 மணிக்கு ஃபேன் தானாகச் சுற்றத் தொடங்கியதும் சரி என்றுவிட்டார்.

செலவு: மொத்தத்தை 100 பங்காக வைத்தால் பூச்சும் பிரைமரும் விரிசல் பசையும் 55, ஃபேன், பலகை, ஒயரிங் 20, வலையும் இரும்புப் பட்டைகளும் 12, சென்சார்கள் 8, சாக்கு போன்ற வீண் வேலைகள் 5. ஃபேன் 50 வாட், இரவு முழுவதும் ஓடினாலும் அரை யூனிட்டைத் தாண்டாது.

இதனால் முடியாததையும் சொல்லிவிட வேண்டும். வெளிக்காற்றை விடக் குளிர்ச்சியான அறையை இந்த ஏற்பாடு இரவில் தராது. இந்தக் கோடையின் மோசமான இரவில் வெளியே 31.2-க்குக் கீழே இறங்கவில்லை, அறை 31.8-ல் நின்றுவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் இரவில் அறை 24 டிகிரிக்குக் கீழ் இருக்கட்டும் என்கிறது, அதன் பக்கத்தில்கூட நான் இல்லை. 2024 ஜூனில் டெல்லியில் ஓரிரவு குறைந்தபட்சமே 35.2. 2023 ஜூலையில் அமெரிக்காவின் பீனிக்ஸில் 36.1. ஓமனின் குரியாத் என்ற கடலோர ஊரில் 2018 ஜூன் 26 அன்று வெப்பநிலை நாள் முழுவதும் 42.6-க்குக் கீழே இறங்கவே இல்லை. அப்படிப்பட்ட இரவில் என் எக்ஸாஸ்ட் ஃபேன் செய்யக்கூடியது நின்றுகொண்டிருப்பது மட்டும்தான். 2003 ஆகஸ்டில் பிரான்சில் வெப்ப அலையில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் முதியவர்கள். பின்னால் நடந்த ஆய்வில், கூரைக்கு நேர் கீழே படுக்கையறை இருந்ததும் ஆபத்தைக் கூட்டிய காரணங்களில் ஒன்று என்று தெரிந்தது. அம்மாவின் கட்டிலைக் கூரை வெயில் படாத நடு அறைக்கு மாற்றிவிட்டேன். கீழே வேறு வீடு இருந்தால் அல்லது தெரிந்தவர் இருந்தால், முதியவர்களை அந்தச் சில இரவுகளுக்கு அங்கே அனுப்புவது எந்தப் பூச்சையும் விட மேல்.

அடுத்த முறை என்றால் பூச்சை முதல் வேலையாகவும், கோடை தொடங்குவதற்கு முன்பும் முடிப்பேன். வெயில் ஏறிவிட்டால் அடிக்கக் கிடைப்பது அதிகாலை இரண்டு மணி நேரம்தான். சென்சார் ஐந்தும் வேண்டியதில்லை, கூரை அடிப்பக்கம், அறைக் காற்று, வெளிக்காற்று, மூன்று போதும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தையும் சேர்த்து அடிப்பேன், இப்போது அது சாம்பல் நிறத்தில் நின்று வெள்ளைத் தளத்துக்குச் சூடு ஏற்றிக்கொண்டிருக்கிறது. நடமாடும் பாதையில் பூச்சுடன் மணல் கலந்து அடிப்பேன், நனைந்தால் வழுக்குகிறது. தூசி படிந்து வெள்ளை மங்குவதும் தெரிகிறது. ஒரு பாதியை மட்டும் துடைப்பத்தால் கழுவி இரண்டையும் அளந்தபோது கழுவிய பக்கம் பிற்பகலில் 3 டிகிரி குறைவு. இனி மாதம் ஒரு முறை கழுவுவதாக இருக்கிறேன்.

அடுத்து மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி. இரவு 10 மணிக்குக் குளிக்கப் போனால் குழாயில் 38 டிகிரித் தண்ணீர் வருகிறது. மீந்த குளிர்ப்பூச்சு முக்கால் டப்பா இருக்கிறது, ஆனால் அது வழவழப்பான பிளாஸ்டிக்கில் ஒட்டுமா என்று முதலில் பழைய மூடியில் அடித்துப் பார்க்கிறேன். உப்புத்தாளால் தேய்த்த பாதியில் நகத்தால் கீறியும் வரவில்லை. தேய்க்காத பாதி உரிந்துவிட்டது.